கை முந்துமா, கண் முந்துமா?

ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கைப் பற்றிப் பேச்சு வந்தால் தவறாமல் கூடவே வரும் கதை ஒன்று உண்டு. 1943-இல் கலைச் சேகரிப்பாளர் பெக்கி குகன்ஹைம் தன் நியூயார்க் வீட்டு முகப்புக் கூடத்துக்கு ஒரு பெரிய ஓவியம் வேண்டும் என்று அவரிடம் கேட்டார். 8 அடி உயரம், 20 அடி நீளம். கேன்வாஸை மாட்டிவிட்டுப் பொல்லாக் வாரக்கணக்கில் அதை வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். கெடு நெருங்கிய ஓர் இரவில் சாமி வந்தவர் போல எழுந்து, விடிவதற்குள் முழுவதையும் வரைந்து முடித்தாராம். பிற்பாடு அவர் மனைவியான லீ கிராஸ்னரே சொன்ன கதை என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை.

'மியூரல்' என்ற அந்த ஓவியம் இப்போது அயோவா பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். 2012-இல் அது பராமரிப்புக்காக லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கெட்டி நிறுவனத்துக்கு வந்தது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அங்கே வண்ண அடுக்குகளைப் பரிசோதித்தார்கள். எண்ணெய் வண்ணம் ஒரே இரவில் காயாது. ஆனால் இந்த ஓவியத்தில் பல இடங்களில், நன்றாகக் காய்ந்துபோன அடுக்கின் மேல் அடுத்த அடுக்கு ஏறியிருந்தது. நாள்கணக்கில், அநேகமாக வாரக்கணக்கில், பொல்லாக் அதில் வேலை செய்திருக்கிறார். கதை பொய்த்தது. முழுக்கப் பொய்த்துவிடவும் இல்லை. எல்லாவற்றுக்கும் அடியில் நீர்க்கக் கரைத்த சில வண்ணங்கள், ஈரம் காயுமுன் ஒன்றோடொன்று கலந்து, கேன்வாஸின் முழு நீளத்துக்கும் ஓடியிருந்தன. அந்த முதல் வீச்சு ஒரே மூச்சில் நடந்திருக்கலாம் என்று ஆய்வாளர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

உள்ளுணர்வை நம்பி, முன்வரைவு இல்லாமல், கை போகிற போக்கில் ஓவியம் படைப்பது குறித்துக் கடந்த நூறாண்டுகளில் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி அந்த முதல் வீச்சைப் பற்றியது. அதன் மேல் ஏறிய அடுக்குகளைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. எனக்கு அந்த அடுக்குகளில்தான் அதிக அக்கறை.

இசையில் நமக்கு இந்தக் குழப்பம் வருவதில்லை. கச்சேரியில் பாடகர் ஒரு வரியை எடுத்து நிரவல் செய்யும்போது அது அந்த நிமிடத்தில் பிறக்கிறது என்பது சபைக்குத் தெரியும். சரளி வரிசையில் தொடங்கி வர்ணம் வரை பல வருஷச் சாதகம் அதன் பின்னால் இருப்பதும் தெரியும். இரண்டுக்கும் முரண்பாடு இருப்பதாக யாரும் நினைப்பதில்லை. ராகம் பிடிபடாதவர் மனோதர்மம் பாடுகிறேன் என்று மேடையேறினால் முதல் வரிசை காலியாகிவிடும். அதே ரசிகர் ஓவியக் கண்காட்சிக்குப் போனால், 'இதை என் பேரன்கூடப் போடுவான்' என்பார். அல்லது நேர் எதிராக, 'இது ஆழ்மனத்தின் வெடிப்பு' என்று கண்களை மூடிக்கொள்வார். இரண்டு பேச்சும் ஒரே அனுமானத்தில்தான் நிற்கின்றன: அங்கே யோசனை எதுவும் நடக்கவில்லை என்ற அனுமானம். நான் பார்த்தவரை, இப்படி வேலை செய்கிற ஓவியர்கள் கைவிடுவது ஒன்றைத்தான். படம் முடிகையில் எப்படி இருக்கும் என்ற சித்திரத்தை விட்டுவிடுகிறார்கள். பயிற்சியை விடுவதில்லை, எதை வைத்துக்கொள்வது, எதைக் கிழித்துப் போடுவது என்ற தீர்ப்பை விடுவதே இல்லை.

இந்த வழி ஐரோப்பியக் கண்டுபிடிப்பும் அல்ல, 20ஆம் நூற்றாண்டுச் சரக்கும் அல்ல. சீனத்தில் தாங் காலத்தில் வாங் மோ என்றொருவர் இருந்தார். குடித்துவிட்டு மையை ஊற்றி, காலாலும் கையாலும் தேய்த்து, விழுந்த கறையின் வடிவத்தைப் பார்த்து அதை மலையாகவோ பாறையாகவோ மேகமாகவோ ஆக்குவார் என்று 9ஆம் நூற்றாண்டில் ழூ ஜிங்சுவான் தொகுத்த ஓவியர் வரலாறு சொல்கிறது. மதிப்பீட்டில் அவரை எங்கே வைப்பது என்று ழூவுக்குக் கொஞ்சம் சங்கடம். வழக்கமான தரவரிசைக்குள் அடைக்காமல் தனி வகையில் ஒதுக்கிவைத்தார்.

ஜப்பானின் செஷ்ஷூ 1495-இல், 76-ஆவது வயதில், வரைந்த மை நிலக்காட்சி இப்போது டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதலில் பார்த்தால் மை கொட்டிப்போனது போலத் தெரியும். நீர்த்த சாம்பல் பூச்சு. அது காயுமுன் மேலே சில அடர்ந்த கறுப்பு வீச்சுகள். நின்று பார்த்தால் பாறையும் மரமும், அடியில் ஒரு குடிசைக் கூரையும், நீரில் ஒரு படகும் வெளிப்படும். மொத்தம் சில நிமிட வேலையாக இருக்கும். அந்தத் தாளில் மை பட்டதும் ஊறிவிடும். அழிப்பதற்கில்லை, மேலே பூசி மறைப்பதற்கும் இல்லை. ஆகவே தயக்கம் அப்படியே பதிவாகும். படத்துக்கு மேலே செஷ்ஷூ தன் கையால் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். சீனம் போய்க் கற்றதையும், தனக்கு முன்னோடிகளான ஜோசெட்ஸு, ஷூபுன் இருவரின் அருமையை அங்கே போனபின் உணர்ந்ததையும் அதில் சொல்கிறார். வாழ்நாளின் ஆகக் கட்டற்ற படத்தில் ஆசிரியர்களின் பெயரைப் பொறிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பயிற்சி பற்றி நான் வாதிட்டுக்கொண்டிருப்பதை அவர் அதற்கு மேல் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

ஐரோப்பாவில் லியோனார்டோ, கறைபடிந்த சுவர்களை உற்றுப் பார்த்தால் மலைகளும் போர்க்களங்களும் தெரியும் என்று மாணவர்களுக்கு யோசனை சொன்னார். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் அலெக்சாண்டர் கோசன்ஸ் அதை ஒரு பாடத்திட்டமாகவே ஆக்கினார். 1785 வாக்கில் வெளிவந்த அவருடைய நூல் சொல்லும் முறை எளிது. காகிதத்தைக் கசக்கி விரித்து, மனத்தில் ஒரு பொதுவான எண்ணத்தோடு வேகமாக மைக்கறைகளை இடு. பிறகு மெல்லிய தாளை மேலே வைத்து, அந்தக் கறைகளுக்குள் நிலக்காட்சியைத் தேடி வரை. கறை ஓவியம் ஆகாது, ஓவியம் கிடைக்கக்கூடிய இடம் மட்டுமே என்பதில் அவர் தெளிவாக இருந்தார். ஒரு தாளில் கை முந்துகிறது. மறு தாளில் கண் தீர்மானிக்கிறது. இதற்குப் பிறகு வந்த அறிக்கைகளில் பல இந்த அளவுக்குத் தெளிவாக இல்லை.

ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கி தன் படங்களை மூன்றாகப் பிரித்தார்: புறக்காட்சியிலிருந்து வந்தவை, உள்ளிருந்து சட்டென்று எழுந்தவை, நீண்ட காலம் உள்ளே ஊறியபின் கட்டியெழுப்பியவை. நடு வகைக்குத்தான் 'இம்ப்ரொவைசேஷன்' என்று பெயர் வைத்து எண்ணும் கொடுத்தார். வேடிக்கை என்னவென்றால், அப்படிச் சட்டென்று எழுந்தவற்றில் சிலவற்றுக்கும் முன்வரைவுகள் இருக்கின்றன. 28-ஆம் எண் படத்தின் நீர்வண்ண முன்வரைவு நியூயார்க் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் உள்ளது. மூன்றாம் வகையைச் சேர்ந்த 'கம்போசிஷன் VII' இரண்டு மீட்டர் உயரமும் மூன்று மீட்டர் அகலமும் கொண்டது. 1913 நவம்பர் 25 முதல் 28 வரை, நான்கே நாளில் வரைந்து முடித்தார். உடனிருந்த காப்ரியேலே மியூன்டர் ஒவ்வொரு கட்டத்தையும் புகைப்படம் எடுத்தார். அந்த நான்கு நாளுக்கு முன்னால் 30-க்கும் மேற்பட்ட பென்சில், நீர்வண்ண, எண்ணெய்வண்ண வரைவுகள் இருந்தன. பெரிய கேன்வாஸின் முன்னால் நின்றபோது கைக்கு வழி தெரிந்திருந்தது.

சர்ரியலிஸ்டுகள் பகுத்தறிவின் மேற்பார்வை இல்லாத படைப்பு என்பதை 1924-இல் கொள்கையாகவே அறிவித்தார்கள். ஆந்த்ரே மாசோன் பேனாவை நிறுத்தாமல் ஓடவிட்டுக் கோடுகள் வரைந்தார். பசை தடவிய கேன்வாஸில் மணலைத் தூவி உதறி, ஒட்டி நின்ற வடிவங்களிலிருந்து 'மீன்களின் போர்' (1926) போன்ற படங்களை உருவாக்கினார். மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925 ஆகஸ்டில் பிரெஞ்சுக் கடலோர ஊரான போர்னிக்கின் விடுதியில், தேய்ந்த மரத்தளத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, மர ரேகைகளில் காடும் பறவையும் கண்டார். இவை கைக்கும் புத்திக்கும் நடுவே வேண்டுமென்றே ஒரு தடையைப் போடும் உத்திகள், பயனுள்ளவை. ஆனால் இவற்றைச் சுற்றி எழுந்த புராணத்தை நம்புவதற்கில்லை. யுவான் மிரோ 'ஹார்லெக்வினின் கொண்டாட்டம்' படத்துக்குப் பசி மயக்கத்தில் தெரிந்த உருவங்களே மூலம் என்று சொல்லிவந்தார். பார்சிலோனாவில் உள்ள அவருடைய அறக்கட்டளையில் அதே படத்துக்கான முன்வரைவு இருக்கிறது, பெரிதாக்கி மாற்றுவதற்காகக் கட்டம் போட்டபடியே. மயக்கம் நிஜமாகவே இருந்திருக்கலாம். கட்டம் போட்டபோது தெளிந்திருந்தார்.

இதே வரிசையில் ஃபிரான்ஸ் கிளைனையும் சொல்ல வேண்டும். ஆளுயரக் கேன்வாஸில் இரண்டே வீச்சில் இறக்கியது போன்ற அவருடைய கறுப்புப் பட்டைகள், பழைய டெலிபோன் டைரக்டரித் தாள்களில் போட்ட சிறு தூரிகை வரைவுகளிலிருந்து பெரிதாக்கப்பட்டவை. கோபம் போலத் தெரிகிற விளிம்புகளைப் பொறுமையாகச் சரிசெய்திருக்கிறார். இதில் ஏமாற்று எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். டைரக்டரித் தாளில் கை ஓடியபோது கிடைத்த நூறில் ஒன்றைக் கண் பொறுக்கியது. பொறுக்கியதைப் பெரிதாக்குவது அதற்கடுத்த வேலை.

பொல்லாக்குக்கே திரும்புவோம், ஏனென்றால் அளந்து பார்க்கப்பட்டவர் அவர்தான். 1947 முதல் லாங் ஐலண்டில் தன் வீட்டுக் கொட்டகையில் கேன்வாஸைத் தரையில் விரித்து, எனாமல் பெயிண்டைக் குச்சியாலும் விறைத்துப்போன தூரிகையாலும் சொட்டவிட்டார். இது வானத்திலிருந்து குதித்த யோசனை அல்ல. 1936-இல் மெக்சிக்கோ ஓவியர் சிகெய்ரோஸ் நியூயார்க்கில் நடத்திய பட்டறையில் பெயிண்டைக் கொட்டியும் தெளித்தும் பார்த்தார்கள். இளைஞரான பொல்லாக்கும் அங்கே இருந்தார். புரூக்ளினில் வாழ்ந்த ஜேனட் சோபெல் என்ற உக்ரைனில் பிறந்த பாட்டி, எந்த ஓவியப் பள்ளியிலும் கற்காதவர், பொல்லாக்குக்கு முன்பே பெயிண்டைச் சொட்டவிட்டுக் கேன்வாஸை நிரப்பியிருந்தார். அவற்றைப் பொல்லாக் பார்த்தார் என்பதை விமர்சகர் கிளமென்ட் கிரீன்பெர்க் பின்னர் பதிவு செய்தார்.

தேனை உயரத்திலிருந்து தட்டில் மெதுவாக ஊற்றினால் இழை நேராக விழாது. சுருண்டு சுருண்டு விழும். எனாமலும் அப்படித்தான். பொல்லாக்கின் கோடுகளில் அந்தச் சுருள் அபூர்வம். 2019-இல் ராபர்ட்டோ ஸெனிட்டும் சகாக்களும் பாய்ம இயக்கவியல் நோக்கில் இதை ஆராய்ந்தார்கள். புகைப்படக்காரர் ஹான்ஸ் நமுத் 1950-இல் எடுத்த படக்காட்சிகளிலிருந்து பொல்லாக்கின் கை வேகத்தையும் உயரத்தையும் கணக்கிட்டு, ஆய்வகத்தில் அதே தடிப்புள்ள பெயிண்டை ஊற்றிப் பார்த்தார்கள். இழை சுருளாமல் இருக்கத் தேவையான வேகத்திலும் உயரத்திலும்தான் அவர் கை இயங்கியிருக்கிறது. சமன்பாடு எதுவும் அவருக்குத் தெரியாது. ஊற்றி ஊற்றி, பிடிக்காத சுருளைப் பார்த்துப் பார்த்து, அதைத் தவிர்க்கும் அசைவு கையில் படிந்துவிட்டது. தன் படங்களில் விபத்து என்பதே இல்லை என்று அவர் சொன்னபோது பலர் அதைத் திமிர் என்றார்கள். ஸெனிட்டின் கணக்கைப் பார்த்தால் தொழில்காரர் தன் கையைப் பற்றிச் சொன்ன சாதாரணத் தகவலாகவே படுகிறது.

உள்ளுணர்வைப் பற்றிய உளவியல் ஆய்வுகளும் இங்கேதான் வந்து சேர்கின்றன. ஹெர்பர்ட் சைமனின் கருத்துப்படி உள்ளுணர்வு ஒருவகை அடையாளம் காணல்: முன்பு பார்த்த ஒன்றை, பார்த்தோம் என்று தெரியாமலே, நினைவு எடுத்துக் கொடுக்கிறது. டேனியல் கானமனும் கேரி கிளைனும் எதிரெதிர் முகாமைச் சேர்ந்தவர்கள். 2009-இல் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். சூழலில் ஒழுங்கு இருக்க வேண்டும்; செய்ததன் பலன் உடனுக்குடன் தெரிய வேண்டும்; அப்படி நீண்ட காலம் பழகியவரின் உள்ளுணர்வை நம்பலாம். தீயணைப்பு வீரருக்கு இது பொருந்தும். பங்குச்சந்தை ஜோசியருக்குப் பொருந்தாது. ஓவியரை அவர்கள் பேசவில்லை. பொருத்திப் பார்த்தால், வண்ணத்தைப் போல உடனே பதில் சொல்லும் பொருள் வேறு எது? கோடு விழுந்த கணத்திலேயே அது சரியா என்று கண் சொல்லிவிடுகிறது. மூளை ஸ்கேன் ஆய்வுகளை நான் கொஞ்சம் தள்ளியே வைப்பேன். சார்ல்ஸ் லிம்மும் ஆலன் பிரானும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, மனோதர்மமாக வாசிக்கும்போது தன்னைத்தானே கண்காணிக்கும் முன்மூளைப் பகுதிகள் அடங்குகின்றன என்று காட்டியது. சுவையான செய்தி. ஆனால் அது ஆறு ஜாஸ் பியானோக் கலைஞர்களைப் பற்றியது. அதை வைத்துக்கொண்டு நீர்வண்ண வகுப்புக்கு விளம்பரம் செய்கிறவர்களிடம் கவனமாக இருக்க வேண்டும்.

இவ்வளவும் பயிற்சியின் பக்கமே பேசியாயிற்று. எதிர்த்தரப்புக்கு வலுவான சாட்சி ஒருவர் இருக்கிறார்: ரவீந்திரநாத் தாகூர்.

1924-இல் அர்ஜென்டினாவில் எழுத்தாளர் விக்டோரியா ஒகாம்போவின் விருந்தினராகத் தங்கியிருந்தபோது 'பூரபி' கவிதைகளின் கைப்பிரதியை அந்த அம்மையார் பார்க்கிறார். அடித்தெழுதிய சொற்களைத் தாகூர் சும்மா விடவில்லை. ஓர் அடித்தலை அடுத்த அடித்தலோடு கோட்டால் இணைத்து, இடைவெளியை மையால் நிரப்பியிருந்தார். அலகு முளைத்தது, பல் முளைத்தது. பக்கத்தின் நடுவே பெயரில்லாத ஒரு பிராணி படுத்திருந்தது. 1928 வாக்கில், 67 வயதில், எழுத்தைத் தாண்டித் தனித் தாள்களில் வரையத் தொடங்கினார். 1930-இல் பாரிஸின் பிகால் காட்சிக்கூடத்தில் முதல் கண்காட்சி. ஏற்பாட்டில் முன்னின்றவர் அதே ஒகாம்போ. மறைவதற்குள் 2000-க்கும் மேற்பட்ட படங்கள். தூரிகை மட்டுமல்ல, பேனாவின் பின்பக்கம், கந்தல் துணி, விரல், கையில் எது கிடைத்ததோ அது. தலைப்பு வைக்க மறுத்தார். எந்த ஓவியப் பள்ளியிலும் படிக்காதவர்.

அப்படியானால் பயிற்சி தேவையில்லையா? அந்தப் பிராணிகளின் விளிம்பைக் கூர்ந்து பார்த்தால் எனக்கு ஒன்று தெரிகிறது. வங்க எழுத்தின் வளைவும் கொக்கியும் அவற்றில் ஓடுகின்றன. அறுபது வருஷம் தினமும் எழுதிய கை அது. உடற்கூறும் பெர்ஸ்பெக்டிவ் விதிகளும் அதற்குத் தெரியாது. ஆனால் ஒரு கோடு எங்கே தடிக்க வேண்டும், எங்கே மூச்சு வாங்க வேண்டும் என்பது தெரியும். பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. எழுத்திலிருந்து தொலைவாகப் போகிற நிலக்காட்சிகளிலும் கூட்டமாக உருவங்கள் நிற்கும் படங்களிலும் பிடி தளர்வதாக எனக்குப் படுகிறது. ஒற்றை முகங்களில், முக்காடிட்ட பெண்களின் நீள்முகங்களில், தளர்வே இல்லை. ஜேனட் சோபெலைப் பற்றி இப்படி ஒரு விளக்கம் என்னிடம் இல்லை. அவர் என் வாதத்துக்கு அடங்காமல் நிற்கிறார், நிற்கட்டும்.

சென்னையிலும் இந்தப் பாதையில் நடந்தவர்கள் உண்டு. ஆதிமூலம் காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த கோட்டோவிய வரிசையைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை, கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு அவர் வரைந்தவற்றையும்தான். உருவத்தைக் கோட்டில் பிடிப்பதில் அவ்வளவு தேர்ந்த கை, பிறகு உருவத்தையே விட்டுவிட்டு வண்ணப் பரப்புகளுக்குப் போனது. அப்போது 'கோடு அருமை, இது புரியவில்லை' என்ற முணுமுணுப்பு எழுந்தது. அச்சுதன் கூடலூர் கட்டுமானப் பொறியியல் படித்துச் சென்னைக்கு வந்தவர். மெட்ராஸ் ஆர்ட் கிளப்பில் மாலைநேரங்களில் பழகி, வண்ணம் மட்டுமே பேசும் அரூப ஓவியத்தில் 2022-இல் மறையும் வரை நின்றார். இவ்விருவரின் வேலைமுறை பற்றி ஸெனிட் செய்தது போன்ற நுணுக்கமான ஆய்வு தமிழில் வர வேண்டும். நம் ஓவிய எழுத்து இன்னும் பாராட்டுரையை விட்டு வெளியே வரத் தயங்குகிறது.

இன்று இந்த முறையை மிகவும் வெளிப்படையாகக் கையாளுகிறவர் என்று ஜோஹானஸ்பர்கின் வில்லியம் கென்ட்ரிட்ஜைச் சொல்வேன். 1989 முதல் அவர் எடுத்துவரும் அனிமேஷன் படங்களுக்குத் திரைக்கதை கிடையாது. காட்சி வரைபடமும் கிடையாது. சுவரில் ஒரு பெரிய தாள், கையில் கரி, அறையின் மறுபக்கத்தில் கேமரா. கொஞ்சம் வரைவார்; நடந்துபோய் ஓரிரு பிரேம் எடுப்பார்; திரும்பி வந்து ஒரு பகுதியை அழித்துச் சற்றுத் தள்ளி மறுபடி வரைவார்; மறுபடி நடை. அழித்த தடம் சாம்பல் நிழலாகத் தாளிலேயே நிற்கும். சாதாரண அனிமேஷனுக்கு ஆயிரக்கணக்கான தாள்கள் வேண்டும். அவருக்கு ஒரு படத்துக்குச் சில பத்துகள் போதும். தாளுக்கும் கேமராவுக்கும் இடையிலான நடையில்தான் அடுத்து என்ன என்பது தோன்றுகிறது என்கிறார். வெறும் தற்செயலும் அல்லாத, முழுத் திட்டமும் அல்லாத அந்த இடைநிலைக்கு 'ஃபார்ச்சூனா' என்று பெயர் வைத்திருக்கிறார். கை முந்துகிறது, கால் கண்ணைத் தூரத்துக்கு அழைத்துப்போகிறது. தீர்ப்பு வழியில் வருகிறது.

தீர்ப்பின் கடுமைக்கு ஹெலன் ஃபிராங்கன்தாலர். 1952 அக்டோபரில், 23 வயதில், பூச்சில்லாத கேன்வாஸைத் தரையில் விரித்து, நீர்க்கக் கரைத்த எண்ணெய் வண்ணத்தை ஊறவிட்டு 'மலைகளும் கடலும்' படத்தை ஒரே நாளில் முடித்தார். நல்ல படம் ஒரே கணத்தில் நிகழ்ந்தது போலத் தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி. அப்படித் தெரியாதவற்றை, உழைத்த அடையாளம் மேலே தெரிபவற்றை, தூக்கி எறிந்துவிடுவார். நாம் அருங்காட்சியகத்தில் காண்பவை எறிந்தது போக மிஞ்சியவை.

இந்த இடத்தில் ஒரு சங்கடமான கேள்வியைத் தவிர்க்க முடியாது. அந்தக் கணத்தில், அந்தக் கையில் மட்டுமே பிறக்கக்கூடியது என்றால், அதை இன்னொருவர் எப்படிப் போலி செய்ய முடிந்தது? நியூயார்க்கின் நோட்லர் காட்சிக்கூடம் 1990-களிலிருந்து பொல்லாக், ராத்கோ, மதர்வெல் என்று பெயர்சொல்லி விற்ற பல படங்கள், குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த, சீனாவிலிருந்து குடியேறிய ஓர் ஓவியர் வரைந்தவை. 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு விற்ற 'பொல்லாக்' ஒன்றில், பொல்லாக் இறந்தபின் சந்தைக்கு வந்த வண்ணப்பொருள் இருந்தது ஆய்வகத்தில் தெரியவந்தது. 2011-இல் அந்தப் பழம்பெரும் கடை மூடப்பட்டது. இன்னொரு போலியில் கையெழுத்திலேயே ஓர் எழுத்து குறைந்திருந்தது. அதையும் பலர் பார்த்துக்கொண்டுதான் கடந்துபோனார்கள்.

அதனால் இம்முறையே புரட்டு என்று சொல்கிறவர்கள் அவசரப்படுகிறார்கள். குவீன்ஸ் ஓவியரும் கலைப்பள்ளியில் தேறிய, கை படிந்தவர்தான். ஊற்றும் வேகம் அவருக்கும் வந்தது. ஆனால் படம் முடிகையில் எப்படித் தெரிய வேண்டும் என்பது முதல் சொட்டு விழுமுன்பே அவருக்குத் தெரியும். அச்சில் வந்த பொல்லாக்குகள் எதிரே இருந்தன. எதை வைத்துக்கொள்வது என்ற தீர்ப்பை அரை நூற்றாண்டுக்கு முன்பே வேறொருவர் கொடுத்து முடித்திருந்தார். அந்தத் தீர்ப்பின் விளைவை நகலெடுக்கலாம். நிபுணர்களும் ஏமாறுமளவுக்கு நன்றாகவே எடுக்கலாம். உள்ளுணர்வால் பிறந்தது என்பது ஒரு படம் உருவான விதம் பற்றிய செய்தி. கேன்வாஸின் முகத்தில் அதைப் படித்துவிட முடியும் என்று விற்றவர்களும் வாங்கியவர்களும் நம்பினார்கள். விலை அந்த நம்பிக்கைக்குத்தான் போனது.